மேலே நிழலே விழவில்லை, ஆனாலும் நாற்று நெட்டையாகிறது. ஏன்?

மொட்டைமாடி_மல்லி | ஜனவரி 28, காலை 7.10

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் மொட்டைமாடித் தோட்டம் போட்டு நான்கு வருடம் ஆகிறது. இந்த முறை ஒரு விஷயம் என்னைக் குழப்புகிறது.

மார்கழி நடுவில் ஒரே பொட்டலத்துக் கத்தரி விதையை இரண்டு குழித்தட்டில் போட்டேன். ஒரே தென்னைநார்க் கலவை, ஒரே நாள் விதைப்பு, ஒரே பூவாளித் தண்ணீர். ஒரு தட்டை மாடியின் நடுவில் வெட்டவெளியில் வைத்தேன். இடம் போதாததால் இன்னொன்று வெண்டை வரிசையை ஒட்டிப் போய்விட்டது. வெண்டை இடுப்பளவு வளர்ந்து அடர்த்தியாக நிற்கிறது.

நான்கு வாரம் ஆகப்போகிறது. நடுவில் இருக்கும் தட்டில் நாற்று குட்டையாக, தண்டு தடித்து, கரும்பச்சை இலையோடு நிற்கிறது. வெண்டை ஓரத்துத் தட்டில் நூல் மாதிரி தண்டு, கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு உயரம். தண்ணீர் ஊற்றினால் சாய்கிறது.

நிழல்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தட்டு இருப்பது வெண்டைக்குத் தெற்கே. தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வெண்டையின் நிழல் வடக்குப் பக்கம்தான் விழுகிறது. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நின்று பார்த்தேன். தட்டின் மேல் ஒரு பொட்டு நிழல் இல்லை. பிறகு ஏன்?

வரப்போரம் | ஜனவரி 28, காலை 9.45

மல்லி அக்கா, எனக்குக் காற்றின் மேல்தான் சந்தேகம். செடி காற்றில் ஆடினால்தான் தண்டு தடிக்கும். உங்கள் வெண்டை வரிசை வேலி மாதிரி காற்றை மறைத்திருக்கும். எங்கள் ஊரில் ஒருவர் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறார். நிழல்வலைக்குள் இருக்கும் நாற்றின் தலையைத் தினமும் காலையில் ஒரு நீளக் கம்பால் லேசாகத் தடவி விடுவார். அப்படிச் செய்தால் நெட்டையாக ஓடாது என்பது அவர் அனுபவம். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன், உண்மைதான்.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 28, மதியம் 1.20

காற்று ஒரு காரணமாக இருக்கலாம். நான் இன்னொன்றும் சொல்கிறேன். நேர் வெயில் மட்டும்தான் வெளிச்சமா? வானம் முழுவதிலிருந்தும் வெளிச்சம் வருகிறது. வடக்குப் பக்கத்து வானத்தை வெண்டை மறைத்துவிட்டது. மொத்த வெளிச்சம் குறைந்தது, நாற்று நீண்டது. எளிய காரணம் இருக்கும்போது பெரிய காரணத்தைத் தேட வேண்டாம் என்பது என் எண்ணம்.

இலைப்பச்சை_டீச்சர் | ஜனவரி 28, இரவு 8.30

28 வருடம் மேல்நிலை வகுப்புக்குத் தாவரவியல் நடத்தியவள் நான். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்று, வானத்து வெளிச்சம் இரண்டுமே நியாயமான சந்தேகங்கள். ஆனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. இந்த இடத்தில் அதுதான் முக்கியமானது என்று நினைக்கிறேன். செடி வெளிச்சத்தின் அளவோடு அதன் நிறத்தையும் பார்க்கிறது. அதுவும் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு நிறத்தை.

பச்சை இலை சூரிய ஒளியில் சிவப்பையும் நீலத்தையும் பெரும்பாலும் விழுங்கிவிடும். பச்சையில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும், அதனால்தான் நமக்கு இலை பச்சையாகத் தெரிகிறது. சிவப்பின் ஓரம் தாண்டி, அலைநீளத்தில் 700 நானோமீட்டருக்கு மேலே, தூரச் சிவப்பு என்று ஒன்று உண்டு. நம் கண்ணுக்கு அது கிட்டத்தட்ட இருட்டு. பச்சையத்துக்கும் அது வேண்டாத ஒளி. அதனால் இலை அதைப் பிடித்து வைக்காமல் பாதியை ஊடுருவ விட்டு, பாதியைச் சுற்றிலும் இறைத்துவிடும். அகச்சிவப்புப் படங்களில் மரமெல்லாம் பனி மூடியது போல வெள்ளையாக ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். இலை திருப்பி அனுப்பும் ஒளிதான் அது. அந்த நிறம் நம் கண்ணுக்குத் தெரியுமானால், மல்லி அம்மாவின் வெண்டை வரிசை ஒரு விளக்குச் சுவர் மாதிரி பளபளக்கும்.

செடிக்கு அது தெரிகிறது. அதை உணரும் நிறமிப் புரதத்துக்கு ஃபைட்டோகுரோம் என்று பெயர். அதற்கு இரண்டு வடிவம். 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பு பட்டால் செயல்படும் வடிவத்துக்கு மாறும். 730 அளவிலான தூரச் சிவப்பு பட்டால் பழையபடி செயலற்ற வடிவத்துக்குத் திரும்பும். இரண்டும் சேர்ந்து படும்போது எது எவ்வளவு என்பதைப் பொறுத்து ஒரு சமநிலையில் நிற்கும். வெட்டவெளி வெயிலில் சிவப்புக்கும் தூரச் சிவப்புக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 1.2. அடர்ந்த இலைக்கூட்டத்துக்கு அடியில் அது 0.1 அளவுக்குக்கூட இறங்கிவிடும். மேகம் வந்தாலோ சுவர் நிழல் விழுந்தாலோ வெளிச்சம் குறையுமே தவிர, இந்த விகிதம் இந்த அளவுக்குச் சரிவதில்லை. பச்சை இலைதான் இப்படிச் சரிக்கும். ஆக, விகிதம் குறைந்தால் செடிக்கு அது ஒரே ஒரு செய்தி: பக்கத்தில் இன்னொரு செடி இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த கதையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே உற்சாகம் வரும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெல்ட்ஸ்வில் என்ற இடத்தில் அரசு வேளாண் ஆய்வு மையம் இருக்கிறது. 1952இல் அங்கே போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் ‘கிராண்ட் ராப்பிட்ஸ்’ என்ற லெட்யூஸ் கீரை ரகத்தின் விதையை நனைத்து இருட்டில் வைத்து, சிறிது நேரம் சிவப்பு ஒளி காட்டினார்கள். நூற்றுக்குச் சுமார் 70 முளைத்தது. சிவப்புக்குப் பிறகு தூரச் சிவப்பு காட்டினால் 6 தான் முளைத்தது. மறுபடி சிவப்பு காட்டினால் மறுபடி 70க்கு மேல். இப்படி மாற்றி மாற்றி எத்தனை முறை காட்டினாலும் கடைசியாகக் காட்டிய நிறம் எதுவோ அதற்குத்தான் விதை கட்டுப்பட்டது. ஒரு சுவிட்சைத் தட்டித் தட்டிப் போடுவது போல. 1959இல் அந்த நிறமி இருப்பதைக் கருவி வைத்தே காட்டிவிட்டார்கள்.

மொட்டைமாடி_மல்லி | ஜனவரி 28, இரவு 9.05

டீச்சர், இரண்டு முறை படித்தேன். அப்படியென்றால் என் கத்தரி நாற்று வெண்டையைப் பார்த்துவிட்டது, அப்படித்தானே? நிழல் விழுவதற்கு முன்னாடியே?

கணக்குப்பிள்ளை | ஜனவரி 29, காலை 6.50

டீச்சர் சொன்ன லெட்யூஸ் விதை சரி. இலைக் கூரைக்கு அடியில் விகிதம் குறையும் என்பதும் சரி. ஆனால் இங்கே கூரையே இல்லையே. தலைக்கு மேலே முழு வெயில் கொட்டுகிறது. அதில் சிவப்பு ஏராளம். பக்கவாட்டில் இருந்து வெண்டை திருப்பி அனுப்பும் கொஞ்சம் தூரச் சிவப்பு, வெள்ளத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் மாதிரிதானே? அது விகிதத்தை எப்படி மாற்றும்? இதற்குப் பதில் கிடைத்தால்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியும்.

இலைப்பச்சை_டீச்சர் | ஜனவரி 29, காலை 10.15

கணக்குப்பிள்ளை சார், மிகச் சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். ஆராய்ச்சியாளர்களும் இதே கேள்வியில்தான் நின்றார்கள்.

வெயில் மேலிருந்து விழுகிறது. படுக்கையாக இருக்கும் இலைக்கு அது நேராகப் படும். ஆனால் தண்டு செங்குத்தாக நிற்கிறது. உச்சி வெயில் தண்டின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். தண்டுக்குக் கிடைப்பதில் பெரும் பங்கு பக்கவாட்டு ஒளி. மேலே பார்த்து அளந்தால் விகிதம் மாறியிருக்காது. பக்கவாட்டில் பார்த்து அளந்தால் நன்றாகக் குறைந்திருக்கும். நீண்டு வளரப்போவதும் தண்டுதான். தண்டுக்கு வந்து சேரும் ஒளிவெள்ளம் வேறு.

இதை நிரூபித்தவர்கள் அர்ஜென்டினாக்காரர்கள். கார்லோஸ் பயாரே என்பவரும் கூட வேலை செய்தவர்களும் 1990இல் வெளியிட்டார்கள். நம் ஊமத்தையின் உறவான ஒரு செடியையும் வெண்கடுகையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரே உயரமுள்ள நாற்றுகள், ஒன்றின் நிழல் மற்றதன் மேல் விழாத அளவு இடைவெளி. அப்போதே தண்டு வேகமாக நீள ஆரம்பித்துவிட்டது. அடுத்து, தண்டைச் சுற்றி ஒரு கண்ணாடிச் சட்டை மாதிரி போட்டு அதற்குள் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலை நிரப்பினார்கள். பூஞ்சைக்குத் தெளிக்கும் போர்டோ கலவைக்கு வாங்குவோமே, அதே மயில்துத்தம்தான். அந்த நீலக் கரைசல் தூரச் சிவப்பை வடிகட்டிவிடும். சட்டை போட்ட தண்டு பக்கத்துச் செடிகளைக் கண்டுகொள்ளவே இல்லை. தனியாக நிற்கும் செடி போலவே குட்டையாக வளர்ந்தது. அண்டைச் செடிகள் அங்கேயேதான் இருந்தன, காற்றும் அதேதான், மண்ணும் அதேதான்.

இதற்கும் முன்பே இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஸ்மித் குழுவினர் வெண்கடுகுத் தண்டின் மேல் ஒளியிழை வழியாகத் தூரச் சிவப்பைப் பாய்ச்சிப் பார்த்திருந்தார்கள். சில நிமிடங்களிலேயே தண்டின் வளர்ச்சி வேகம் கூடியது. நாள்கணக்கில் காத்திருக்க வேண்டிய வேலையே இல்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, செடி முன்கூட்டியே செலவு செய்கிறது என்பதுதான். இன்னும் நிழல் வரவில்லை, பட்டினி வரவில்லை. வரப்போகிறது என்ற தகவல் மட்டும் வந்திருக்கிறது. அந்தத் தகவலை நம்பி, வேருக்கும் இலைக்கும் போகவேண்டியதைத் தண்டில் போடுகிறது.

பயிர்_மாணவன் | ஜனவரி 29, மாலை 5.40

வேளாண்மை இளநிலை மூன்றாம் வருடம் படிக்கிறேன். டீச்சர் சொன்னதோடு செடிக்குள் நடப்பதைக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

ஃபைட்டோகுரோமில் பல வகை உண்டு. அண்டைச் செடியை உணர்வதில் பெரிய பங்கு ‘பி’ வகைக்கு. செயல்படும் வடிவத்தில் இருக்கும்போது அது நீட்சியைத் தூண்டும் சில புரதங்களைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும். பிஃப் என்று அந்தப் புரதக் குடும்பத்தைச் சொல்வார்கள். தூரச் சிவப்பு கூடினால் கட்டு அவிழ்ந்துவிடும். உடனே இலையில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனின் உற்பத்தி கூடி, அங்கிருந்து தண்டுக்குப் போகும். தண்டு நீளும். கலிபோர்னியாவில் சால்க் நிறுவனத்தில் ஜோவன் கோரியின் ஆய்வகம் 2008இல் இதைக் காட்டியது. ஆக்சின் செய்யும் வழியில் ஒரு நொதி இல்லாத செடிக்கு, பக்கத்தில் இன்னொரு செடி இருக்கும் தகவல் போய்ச் சேர்ந்தாலும் நீள முடியவில்லை. ‘பி’ வகையே இல்லாமல் பிறந்த செடி வெட்டவெளியிலும் எப்போதும் நிழலில் இருப்பது போலவே நெட்டையாக வளரும்.

இன்னொரு விஷயம், செடிகள் தங்கள் சொந்தக்காரர்களையும் ஒளி மூலம் அடையாளம் கண்டு இலையைத் தள்ளி வைத்துக்கொள்கின்றன என்று படித்தேன். அதுவும் அர்ஜென்டினாவில்தான், 2015இல்.

இலைப்பச்சை_டீச்சர் | ஜனவரி 29, இரவு 8.00

தம்பி, உள்ளே நடப்பதை அழகாகச் சொன்னீர்கள். சொந்தக்காரர் விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை. அந்த வேலை அரபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் நடந்தது. ஒரே வகையைச் சேர்ந்த செடிகளுக்கு உயரமும் இலை அடுக்கும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் ஒளியின் அமைப்பும் ஒத்துப்போகும். அதை உணர்ந்து இலை திசை மாறுகிறது. ‘செடிக்குப் பாசம் உண்டு’ என்று இதை எடுத்துக்கொண்டு போய்ப் பேசுகிறவர்கள் நிறைய. அந்த அளவுக்கு நாம் போக வேண்டாம். உள்ளதே போதுமான அதிசயம்.

இலையைத் தள்ளி வைப்பது என்று சொன்னதும் பருப்புக்கீரை நினைவுக்கு வருகிறது. தரையோடு படரும் செடி அது, உயர்ந்து போட்டி போட முடியாது. எருசலேமில் நோவோபிளான்ஸ்கியும் மற்றவர்களும் 1990இல் பார்த்தது: பருப்புக்கீரையின் இளங்கிளை அண்டைச் செடி இருக்கும் பக்கத்தை விட்டு, காலியான பக்கம் பார்த்துப் படர்கிறது. உண்மையான செடிக்குப் பதிலாக, இலையைப் போல ஒளியைத் திருப்பும் பச்சை பிளாஸ்டிக்கை வைத்தாலும் விலகிப் போனது. அடுத்த முறை கீரை பறிக்கும்போது எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள்.

சவுக்குத்தோப்பு | ஜனவரி 30, காலை 6.30

கடலூர்ப் பக்கம், கடலோர மணல் பூமி. மூன்று தலைமுறையாகச் சவுக்கு. இத்தனை நாள் நாங்கள் செய்து வந்ததற்கு இப்போதுதான் பெயர் தெரிகிறது.

நாங்கள் மூன்றடிக்கு மூன்றடி நெருக்கி நடுவோம். அப்போதுதான் கழி நேராக, கிளையில்லாமல், ஈட்டி மாதிரி போகும். சாரம் கட்டவும் பந்தல் போடவும் அதுதான் வேண்டும். அதே கன்றை வரப்போரம் காற்றுத் தடுப்புக்குத் தனித்தனியாக நட்டால் அடியிலிருந்தே கிளை விட்டு, தண்டு குட்டையாக, கூம்பாக நிற்கும். அதைக் கழி என்று யாரும் வாங்க மாட்டார்கள். சணப்பையும் அப்படித்தான், நாருக்கு வேண்டுமென்றால் நெருக்கி விதைக்க வேண்டும். எங்கள் அப்பா சொல்வார், ‘அவனுக்குப் போட்டி வச்சாத்தான்டா நிமிர்ந்து போவான்’ என்று.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 30, காலை 9.10

சவுக்கு ஐயா சொல்வதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். கன்று சின்னதாக இருக்கும்போதே மேலே ஓடுவது டீச்சர் சொல்லும் நிற விஷயம். இரண்டாம் மூன்றாம் வருடம் அடிக்கிளை காய்ந்து உதிர்வது உண்மையான நிழல் பட்டினி. முதலாவது தகவலுக்குப் பதில், இரண்டாவது பற்றாக்குறை. இப்படிப் பிரிக்கலாமா?

மயில்துத்தச் சோதனை பற்றி நேற்று இரவெல்லாம் யோசித்தேன். என் ‘ஒரு சொம்புத் தண்ணீர்’ வாதத்தை விட்டுவிடுகிறேன். தண்டு செங்குத்தாக நிற்கிறது என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

இலைப்பச்சை_டீச்சர் | ஜனவரி 30, காலை 11.30

அப்படியே பிரிக்கலாம் சார். கூடவே, இரண்டும் அடுத்தடுத்து வருவதால்தான் செடியின் முன்யோசனைக்கு அர்த்தம் இருக்கிறது. நிழலை எதிர்பார்த்து ஓடிய கன்றுக்கு, நிழல் வரும்போது தலை வெளியே இருக்கும். ஓடாத கன்று அடியிலேயே நின்றுபோகும்.

எல்லாச் செடியும் இப்படி ஓடாது என்பதையும் சொல்ல வேண்டும். காட்டுக்குள் மரத்தடியிலேயே வாழப் பழகிய செடிகள் தூரச் சிவப்பு கூடினாலும் பெரிதாக நீளாது. எங்கே நீண்டு தப்பிக்கப் போகிறது? கிடைக்கிற வெளிச்சத்தில் மெல்லிய அகன்ற இலையோடு வாழ்ந்துவிடும். வெட்டவெளிச் செடிகளும் நம் பயிர்களில் பெரும்பாலானவையும்தான் இந்தப் பந்தயக்காரர்கள்.

வெளிச்சத்தைத் தேடாமல் இருட்டைத் தேடிப் போகும் செடிகூட உண்டு. கோஸ்டாரிகா காட்டில் மான்ஸ்டெரா வகைக் கொடி ஒன்றின் முளை, அருகில் இருக்கும் பெரிய மரத்தின் இருண்ட உருவத்தை நோக்கித் தரையில் ஊர்ந்து போகிறது என்று 1975இல் எழுதினார்கள். ஏறுவதற்கு மரம் வேண்டுமே! மரத்தைத் தொட்ட பிறகுதான் மேலே, வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பும்.

வரப்போரம் | ஜனவரி 30, இரவு 7.20

எனக்கு வயல் கேள்வி. களை.

மக்காச்சோளத்தில் முதல் களையை 20, 25 நாள் வரை தள்ளிப்போடுகிறோம். ஆள் கிடைப்பதில்லை, அதுதான் காரணம். ‘களை இன்னும் பயிர் உயரத்துக்கு வரவில்லையே, தண்ணீரும் உரமும் இருக்கிறதே, என்ன ஆகிவிடும்’ என்று மனதைத் தேற்றிக்கொள்வோம். டீச்சர் சொல்வது உண்மையென்றால் முழங்காலுக்குக் கீழே இருக்கும் களையும் பயிருக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கும் அல்லவா?

நெல்லில் இன்னொன்று. திருந்திய நெல் சாகுபடியில் 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒற்றை நாற்று வைக்கும்போது தூர் வெடிப்பது, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைப்பது, பார்க்கவே ஆசையாக இருக்கும். நெருக்கி நட்டால் அந்தத் தூர் வராது. அதுவும் இதனால்தானா?

இலைப்பச்சை_டீச்சர் | ஜனவரி 31, காலை 9.40

இந்த இழையிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இதுதான் தம்பி.

கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் ஸ்வான்டன் குழுவினர் சரியாக இதைத்தான் சோதித்தார்கள். களையின் வேரும் மக்காச்சோளத்தின் வேரும் தொடாதபடி பிரித்து வைத்தார்கள். தண்ணீருக்கும் உரத்துக்கும் போட்டி கிடையாது. களை பயிரை விட உயரம் குறைவு என்பதால் நிழலும் கிடையாது. ஒளியின் நிறம் ஒன்றுதான் போய்ச் சேர முடியும். அப்படியும் இளம் மக்காச்சோளத்தின் வளர்ச்சி மாறியது. சீக்கிரம் களை எடுப்பது ஏன் அவசியம் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று 2004இல் எழுதினார்கள். பயிர் தன் ஆரம்ப நாள்களில் எடுக்கும் முடிவு அது. பின்னால் களையைப் பிடுங்கிவிட்டாலும் அந்த நாள்களில் தண்டில் போட்டதைத் திரும்ப எடுத்து வேரில் போட முடியாது. ஆள் தட்டுப்பாடு எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒரே ஒரு களைதான் எடுக்க முடியும் என்றால் அதை முன்னால் இழுங்கள், பின்னால் தள்ளாதீர்கள்.

தூர் விஷயம். அர்ஜென்டினாவின் புல்வெளியில் டெரெகிபஸ், சான்செஸ், கசால் முதலானோர் 1980களில் ஒன்று செய்தார்கள். அடர்ந்த புல்லின் அடித்தூருக்குள் சின்னச் சிவப்பு எல்இடி விளக்கைச் சொருகி வைத்தார்கள். உணவு தயாரிக்கப் போதாத மிகச் சிறிய வெளிச்சம் அது. ஆனாலும் தூர் கூடியது. அடியில் விழும் ஒளியில் சிவப்பின் பங்கு கூடியதும், ‘இடம் காலியாக இருக்கிறது’ என்று புல் எடுத்துக்கொண்டது. நெல்லும் புல் இனம்தான். ஆனால் திருந்திய நெல் சாகுபடியில் தூர் வெடிப்பது முழுக்க இதனால்தான் என்று சொல்ல மாட்டேன். 14 நாள் இளநாற்று, வேருக்குக் கிடைக்கும் இடம், காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர், கோனோவீடர் என்ற களைக்கருவியால் மண்ணைக் கிளறிவிடுவது எல்லாம் சேர்ந்தது அது. அதில் இதுவும் ஒரு கை.

எல்இடி_கோவை | ஜனவரி 31, மதியம் 2.15

வீட்டுக்குள் விளக்கு வைத்துக் கீரை வளர்க்கிறேன். சிவப்பும் நீலமும் மட்டும் உள்ள விளக்கில் செடி குள்ளமாக, உருண்டையாக வருகிறது. சமையலறை ஜன்னலோரம் வைத்தது மட்டும் நெட்டையாகிறது. அங்கே பக்கத்தில் வேறு செடி எதுவும் இல்லையே டீச்சர்?

இலைப்பச்சை_டீச்சர் | ஜனவரி 31, மாலை 4.00

உங்கள் விளக்கில் தூரச் சிவப்பே இல்லை, அதனால் செடி தன்னைத் தனியாள் என்று நினைக்கிறது. ஜன்னலோரத்துக் கதை வேறு. அங்கே மொத்த வெளிச்சமும் நீல ஒளியும் குறைவு. நீலத்தை உணர கிரிப்டோகுரோம் என்ற வேறு நிறமி இருக்கிறது. நீலம் குறைந்தாலும் தண்டு நீளும். இங்கே கணக்குப்பிள்ளை சாரின் முதல் விளக்கம் முழுக்கப் பொருந்தும்.

வெப்பத்தையும் மறந்துவிடக் கூடாது. இதே ஃபைட்டோகுரோம் ‘பி’ வெப்பத்தையும் உணர்கிறது என்று 2016இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் காட்டின, ஒன்று கேம்பிரிட்ஜில், இன்னொன்று பியூனஸ் அயர்ஸில். சூடு கூடினால் செயல்படும் வடிவம் ஒளியே இல்லாமலும் வேகமாகச் செயலற்றுப் போகிறது. அதனால் வெப்பமும் நெருக்கமும் செடியை ஒரே பக்கம் தள்ளும். சித்திரை வெயிலில் நெருக்கிப் போட்ட நாற்று ஓடுவது போல மார்கழியில் ஓடாததற்கு இது ஒரு காரணம்.

பயிர்_மாணவன் | ஜனவரி 31, இரவு 9.30

தூரச் சிவப்பு எப்போதுமே கெடுதல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் வாகனிங்கன், உட்ரெக்ட் ஆராய்ச்சியாளர்கள் 2019இல் கண்ணாடி வீட்டுத் தக்காளிக்குக் கூடுதலாகத் தூரச் சிவப்பு கொடுத்தார்கள். செடியின் எடையில் காய்க்குப் போகும் பங்கு கூடியது. ஆனால் சாம்பல் பூஞ்சைக்கு எதிர்ப்பு குறைந்தது. ஓடுவதற்குச் செலவு செய்யும் செடி காவலுக்குச் செலவைக் குறைக்கிறது. நெருக்கி நட்ட பயிரில் நோய் கூடுவதற்கு ஈரமும் காற்றோட்டமும் மட்டும் காரணம் என்று நினைத்திருந்தேன். உள்ளேயே எதிர்ப்பு இறங்கியிருக்கலாம் என்பது எனக்குப் புதிய செய்தி.

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 1, காலை 7.00

மல்லி அம்மா, உங்கள் மாடியிலேயே சோதித்துப் பார்க்கலாமா? காற்றையும் வானத்தையும் நிறத்தையும் பிரிக்க ஒரு வழி யோசித்தேன். தட்டு ஒன்று வெட்டவெளியில். தட்டு இரண்டின் வடக்கே வெண்டை உயரத்துக்குச் சாக்குப் படுதா. காற்றையும் வானத்தையும் அது மறைக்கும், ஆனால் இலை மாதிரி சிவப்பை விழுங்காது. தட்டு மூன்று, வெண்டைக்குப் பக்கத்தில், நடுவில் சாதாரணத் தண்ணீர் நிரப்பிய, ஒளி புகும் நிறமில்லாத பாட்டில் வரிசை. நான்காவது தட்டும் வெண்டைக்குப் பக்கத்தில், ஆனால் பாட்டிலில் மயில்துத்தக் கரைசல். நாற்று பாட்டிலை விடக் குட்டை என்பதால் பக்கவாட்டு ஒளியில் பெரும்பகுதி பாட்டில் வழியாகத்தான் வரும்.

இலைப்பச்சை_டீச்சர் | பிப்ரவரி 1, காலை 8.20

அருமையான யோசனை. மயில்துத்தம் விஷம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். மூடியை இறுக்குங்கள், மேலே எழுதி ஒட்டுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. முடிந்ததும் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல் எடுத்து வையுங்கள், வரப்போரம் தம்பி மாதிரி யாராவது போர்டோ கலவைக்கு வாங்கிக்கொள்வார்கள்.

மொட்டைமாடி_மல்லி | மார்ச் 4, காலை 7.30

ஒரு மாதம் கழித்து வருகிறேன். நான்கு தட்டும் வைத்தேன், அதே கத்தரி. தினமும் வெண்டையின் நிழல் எந்தப் பக்கம் என்று பார்த்தேன், தட்டுகளில் விழவில்லை.

வெட்டவெளித் தட்டுதான் மிகக் குட்டை. சாக்குத் தட்டு அதை விட ஒரு விரற்கடை உயரம், ஆகவே காற்றுக்கும் வானத்துக்கும் பங்கு இருக்கிறது. வரப்போரம் தம்பியும் கணக்குப்பிள்ளை சாரும் சொன்னது வீண் போகவில்லை. தண்ணீர் பாட்டில் தட்டு எல்லாவற்றையும் விட நெட்டை, தண்டும் மெலிவு. மயில்துத்தத் தட்டு சாக்குத் தட்டின் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிட்டது. பாட்டிலுக்கு இடையில் இருந்த சந்தில் ஒளி கசிந்திருக்கும் என்று நினைக்கிறேன். சந்துக்கு நேரே இருந்த நாற்றுகள் மற்றவற்றை விடக் கொஞ்சம் உயரமாக இருந்தன. அதைக் கவனித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. கண்ணில்லாத ஒன்று, இரண்டு விரல் அகலச் சந்து வழியாகப் பக்கத்தில் யார் என்று பார்த்திருக்கிறது.

இப்போது ஒரே ஒரு கேள்வி. நெட்டையாகிப் போன நாற்றை என்ன செய்வது? தூக்கிப் போட மனம் வரவில்லை.

இலைப்பச்சை_டீச்சர் | மார்ச் 4, காலை 9.00

போடாதீர்கள். இன்றே தட்டை வெட்டவெளிக்கு மாற்றி நாற்றுகளை இடைவெளி விட்டு வையுங்கள். நீண்ட தண்டு சுருங்காது, ஆனால் இனி வரும் கணுவிடை (இரண்டு கணுவுக்கு நடுவில் உள்ள தண்டு) குட்டையாக வரும். ஒரு வாரம் கழித்து விதையிலை வரை மண் அணைத்து நடுங்கள், சின்னக் குச்சி ஒன்று ஊன்றிக் கட்டுங்கள். தக்காளியாக இருந்தால் இன்னும் ஆழமாகப் புதைக்கலாம், தண்டிலேயே வேர் விடும். கத்தரியை அவ்வளவு ஆழம் வைக்க வேண்டாம்.

வரப்போரம் | மார்ச் 4, இரவு 8.10

ஆடியில் மக்காச்சோளம் போடப்போகிறேன். பாதி வயலில் முதல் களையைப் 12ஆம் நாளே எடுக்க ஆள் பேசிவிட்டேன், மீதிப் பாதி வழக்கம்போல. அறுவடை ஆனதும் இந்த இழையிலேயே எழுதுகிறேன். மல்லி அக்கா, அந்த மயில்துத்தத்தை மட்டும் கொட்டிவிடாதீர்கள். அடுத்த வாரம் மதுரை வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.